புல்டோசர் உண்டு, ஸ்டே ஆர்டர் கிடையாது: சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரு நகரத்தை நாமே கட்டி நடத்துகிற இந்த கேம் நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் 'வாங்கலாம்' என்ற பதிலோடு கிளம்பிவிடலாம். எனக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது. மூடிப்போன ஆலைகள், காலியாகிவிட்ட கடைத்தெரு, யாரும் எட்டிப்பார்க்காத ஆற்றங்கரை என்று நொடித்துப்போன நகரங்களை மறுபடி எப்படி எழுப்புவது என்பது பற்றி நடக்கிற சண்டைகளைப் படிக்கிற பைத்தியம் எனக்கு உண்டு. படித்துப் படித்து, தீர்வு கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறதே, ஏன் பத்து வருஷம் இழுக்கிறார்கள் என்று எரிச்சல் வந்து, சரி நானே செய்து பார்க்கிறேன் என்று இறங்கியதுதான் இந்த கேம். ஆகவே கிராபிக்ஸ், சவுண்ட் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நகரத்தின் அரசியல் இதில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்கப்போகிறேன்.

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2015 மார்ச்சில் வந்தது. செய்தவர்கள் பின்லாந்தின் தம்பெரே நகரத்தில் இருக்கும் கலோசல் ஆர்டர் என்ற சின்ன நிறுவனம், வெளியிட்டது ஸ்வீடனின் பாரடாக்ஸ். இதற்கு முன்னால் அவர்கள் செய்தது பஸ், டிராம், மெட்ரோ ஓட்டுகிற கேம். அந்தப் பழக்கம் இதிலும் ஊறியிருக்கிறது, போக்குவரத்துதான் இதன் உயிர். சாலையில் போகிற எந்த வண்டியைத் தட்டினாலும் அது எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று காட்டும். ஒரு மனிதரைத் தட்டினால் அவர் பெயர், வீடு, வேலை செய்யும் இடம், படிப்பு எல்லாம் வரும். முதல் நாள் நான் இரண்டு மணி நேரம் ஒரே ஆளின் பின்னாலேயே சுற்றினேன். (கழிவுநீரை விடுகிற குழாயை, குடிநீர் எடுக்கிற இடத்துக்கு மேலே ஆற்றில் வைத்து ஊரையே படுக்கவைத்ததும் அதே நாள்தான். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டு ஆறுதல் அடைந்தேன்.)

போக்குவரத்து விஷயத்தில் இது நல்ல வாத்தியார். நெரிசல் என்றதும் நான் செய்தது நாலு தடச் சாலையை ஆறு தடமாக்கியது. ஒன்றும் நடக்கவில்லை, ஐந்து தடம் காலியாகக் கிடக்க, அடுத்த திருப்பத்துக்காக எல்லா வண்டியும் ஒரே தடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு நின்றது. கோளாறு சந்திப்பில் இருக்கிறது, அகலத்தில் இல்லை என்பது மண்டையில் ஏற ஒரு வாரம் ஆயிற்று. நிஜத்தில் காரணம் கொஞ்சம் வேறு, புதுச் சாலை புது வண்டிகளை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவேயை அகலப்படுத்தி 2008இல் முடித்தார்கள், பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். சில வருஷங்களிலேயே காலை மாலைப் பயண நேரம் திரும்ப ஏற ஆரம்பித்துவிட்டது. காரணம் வேறாக இருந்தாலும் கேம் கற்றுக்கொடுக்கிற பாடம் தப்பில்லை.

சரி, என் நகரத்துக்கு வருகிறேன். வேண்டுமென்றே ஒரு பழைய தொழில் நகரம் போல ஆரம்பித்தேன். ஆற்றங்கரை முழுக்க ஆலைகள், அதற்குப் பின்னால் தொழிலாளர் வீடுகள், ஆற்றுக்கும் கடைத்தெருவுக்கும் குறுக்கே தூண்மேல் ஓடுகிற ஒரு நெடுஞ்சாலை. நிலத்துக்கடியில் இருக்கிற தாது இந்த கேமில் தீர்ந்துபோகும், அது தீர்ந்ததும் ஆலைகளை மூடிவிட்டு ஆற்றங்கரையை மக்களிடம் திருப்பிக் கொடுப்பது என்பது என் திட்டம். அப்படியே செய்தேன். ஆலைகளைத் தட்டினேன், போயின. நெடுஞ்சாலையைத் தட்டினேன், போயிற்று. நடைபாதை, மரங்கள், பூங்கா. மொத்தம் நாற்பது நிமிஷம். மண் மாசு மட்டும் மெதுவாகத்தான் குறைந்தது, அதன்மேல் அவசரப்பட்டு வீடு கட்டினால் குடியிருப்பவர்கள் நோயில் விழுகிறார்கள். இது நல்ல விஷயம், பழைய ஆலை நிலத்தைச் சுத்தம் செய்யாமல் எதுவும் செய்ய முடியாது என்பதை யோசித்து வைத்திருக்கிறார்கள். மண்ணுக்கு இருக்கிற இந்தப் பொறுமை இந்த கேமில் வேறு எதற்கும் இல்லை.

அந்த நாற்பது நிமிஷம்தான் என்னை உறுத்தியது. சியோலில் செங்கேசோன் ஓடையின் மேல் இருந்த பறக்கும் சாலையை இடித்துவிட்டு 5.8 கிலோமீட்டருக்கு ஓடையைத் திறந்தார்கள், 2003இல் வேலை தொடங்கி 2005இல் முடிந்தது. உலகம் முழுக்க நகரச் சீரமைப்புக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவது இதைத்தான், அங்கே எடுத்த படம் இல்லாத கருத்தரங்கே கிடையாது. அந்தப் படத்துக்குள் வராதவர்கள் அங்கே கடை போட்டிருந்த தெரு வியாபாரிகள். எதிர்த்தார்கள், போராடினார்கள், கடைசியில் அவர்களில் ஒரு பகுதியினரைப் பக்கத்தில் இருந்த தோங்தேமுன் விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். கொஞ்ச வருஷத்தில் அந்த அரங்கத்தையும் இடித்துவிட்டார்கள், அங்கேதான் இப்போது ஸஹா ஹதீத் வடிவமைத்த பெரிய வெள்ளிக் கட்டடம் நிற்கிறது, 2014இல் திறந்தது. வியாபாரிகள் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். திட்டத்தை முன்னெடுத்த மேயர் லீ மியுங் பாக் நாட்டின் அதிபரே ஆனார்.

சான் பிரான்சிஸ்கோ கதை இன்னும் ருசியானது. கடலோரத்தை மறைத்துக்கொண்டு நின்ற எம்பார்க்கடேரோ ஃப்ரீவேயை இடிக்கலாமா என்று 1986இல் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 1989இல் நிலநடுக்கம் வந்து சாலையே சேதமாகி மூடிக்கிடந்தது. அப்போதும் சைனா டவுன் வியாபாரிகள் எதிர்த்தார்கள், வாடிக்கையாளர்கள் அந்த வழியாகத்தான் வருகிறார்கள், இடித்தால் எங்கள் கடை என்னாவது என்று. 1991இல்தான் இடிக்க ஆரம்பித்தார்கள். இன்று அந்தக் கடலோரத்தைப் பார்க்கிறவர்களுக்கு இதை யார் எதிர்த்திருக்க முடியும் என்று தோன்றும். எதிர்த்தவர்கள் முட்டாள்கள் இல்லை, அவர்கள் கல்லாப்பெட்டியைப் பார்த்து எதிர்த்தார்கள், அவ்வளவுதான்.

இந்த கேமில் அப்படி ஒரு கல்லாப்பெட்டி கிடையாது. வீட்டையோ கடையையோ இடித்தால் பட்ஜெட்டில் இழப்பீடு என்று ஒரு வரி வராது. அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று திரை உங்களிடம் சொல்லாது. எதிர்ப்புக் குரல் என்று இருப்பது மேலே உட்கார்ந்து கத்துகிற சின்ன நீலப் பறவை மட்டும்தான், மக்கள் அதன் வழியாகத் தண்ணீர் இல்லை, குப்பை அள்ளவில்லை என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்தப் பறவை தொந்தரவு தாங்காமல் அதை மறைப்பதற்கென்றே விளையாடுகிறவர்கள் மோட் (கேமை மாற்றிக்கொள்ள அவர்களே எழுதுகிற ஒட்டு நிரல்) செய்து வைத்திருக்கிறார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. யோசித்தால் அவ்வளவு சிரிப்பாக இல்லை.

நண்பர் ஒருவர் நகர்த் திட்டமிடல் வேலையில் இருக்கிறார், இருபது வருஷ சர்வீஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து மவுஸைக் கையில் கொடுத்தேன். ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து வீட்டு மண்டலத்தைக் கடை மண்டலமாக மாற்றினார், உடனே மாறியது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ்வளவுதானாப்பா?"

"அவ்வளவுதான் சார்."

"ஆட்சேபணைக்கு எத்தனை நாள் டைம்?"

"அதெல்லாம் இல்ல சார்."

"கருத்துக் கேட்புக் கூட்டம்? கோர்ட்ல ஸ்டே?"

"இல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இதுல நான் என்ன வேலை பாக்குறது?" என்றார். அதன் பிறகு ராத்திரி பதினொன்று வரை எழுந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபைல் இல்லாமல் வேலை நடக்கிறது அவருக்கு.

அவர் கவனித்துச் சொன்ன ஒன்று எனக்குத் தோன்றாதது. இந்த கேமில் வீடு பச்சை, கடை நீலம், ஆலை மஞ்சள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு இடத்தில் ஒரு நிறம்தான் பூச முடியும். கீழே கடை, மேலே வீடு என்ற சாதாரண ஏற்பாட்டுக்கு முதல் பாகத்தில் அடிப்படை மண்டலங்களில் இடமே இல்லை. இது ஏதோ இயற்கை விதி போல நமக்குத் தோன்றுகிறது, ஆனால் இது அமெரிக்க வழக்கம், அங்கே 1926இல் யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சரி என்று சொன்ன பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஜப்பானில் வீட்டுப் பகுதி என்று குறித்த இடங்களிலும் சின்னக் கடைக்கு இடம் உண்டு. கேமை வைத்து நகரத்தைக் கற்றுக்கொள்கிற பையன்கள் கடை வேறு, வீடு வேறு என்பதை வேதமாக எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் கவலை. 2023 அக்டோபரில் வந்த இரண்டாம் பாகத்தில் கலப்பு மண்டலம் இருக்கிறது என்று சொன்னேன். "பரவாயில்லையே, கேம்காரங்க நம்மளவிட சீக்கிரம் சட்டத்தை மாத்துறாங்க" என்றார்.

அப்புறம் பார்க்கிங். இது பெரிய ஏமாற்று, ஆனால் மன்னிக்கக்கூடிய ஏமாற்று. முதல் பாகத்தில் ஒருவர் காரில் போய் இறங்கி, நிறுத்த இடம் இல்லையென்றால் காரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார், அதாவது கார் மறைந்துவிடும். இந்த வகை கேம்களில் இது ரொம்ப நாள் வழக்கம். 2013இல் வந்த சிம்சிட்டியின் வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ரண்டி ஒரு பேட்டியில் சொன்னது: நிஜக் கட்டடங்களின் பார்க்கிங் பரப்பை அளந்து பார்த்தபோது, அதை அப்படியே கேமில் வைத்தால் நகரமே பார்க்கிங் மைதானமாகிவிடும், அலுப்பாக இருக்கும் என்று தெரிந்து, எல்லாம் தரைக்கடியில் இருப்பதாக வைத்துக்கொண்டார்களாம். நிஜ நகரங்களில் அந்த அலுப்பைச் சட்டம் போட்டே கட்டியிருக்கிறோம், இத்தனை சதுர அடிக்கு இத்தனை கார் இடம் என்று. பழைய ஆலைக் கட்டடத்தை வீடுகளாகவோ கடைகளாகவோ மாற்ற நினைக்கிறவனுக்கு முதல் முட்டுக்கட்டை பல ஊர்களில் இந்த விதிதான், பழைய கட்டடத்தில் காருக்கு இடம் எங்கே இருக்கும்? அமெரிக்காவில் நொடித்துப்போயிருந்த பஃபலோ நகரம் 2017இல் அந்தக் கட்டாயத்தை எடுத்தது, மினியாபோலிஸ் 2021இல் எடுத்தது. இரண்டாம் பாகத்தில் கார்களுக்கு உண்மையாகவே இடம் வேண்டும், தெருவோரத்தில் நிறுத்தக் கட்டணம்கூடப் போடலாம். இந்த ஒன்றுக்காகவே இரண்டாம் பாகத்தைப் பார்க்கலாம் என்பேன்.

இனி எனக்கு முக்கியமான இடம். ஆற்றங்கரையில் பூங்கா வைத்தேன் என்றேன் அல்லவா, நில மதிப்பு ஏறியது. நில மதிப்பு ஏறினால், குடியிருப்பவர்கள் படித்தவர்களாகவும் இருந்தால், வீடுகள் தரம் உயரும், ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஓட்டை வீடு பளபளப்பாகிறது, வரி வருமானம் கூடுகிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் அதே குடும்பம்! பூங்கா வந்ததும் அவர்களும் சேர்ந்து உயர்ந்துவிட்டார்கள். எந்த நகரத் தலைவரும் அடிக்கல் நாட்டும் மேடையில் சொல்வது இதைத்தான், எங்கேயும் இப்படி நடப்பதில்லை என்பது மேடையில் இருப்பவர்களுக்கும் தெரியும். வாடகைக்கு இருப்பவன் தெருவில் நல்ல மரம் வைத்தாலே பயப்படுகிறான். சீரமைப்புத் திட்டங்களின் மேல் வருகிற கோபத்தில் பெரும்பகுதி இங்கேதான் கிடக்கிறது, முதல் பாகம் அதை வழித்துத் துடைத்துவிட்டு 'வளர்ச்சி' என்று ஒரு பச்சை அம்புக்குறி காட்டுகிறது.

இரண்டாம் பாகத்தில் வாடகையை உள்ளே கொண்டுவந்தார்கள். வந்ததும் ஊர் முழுக்க 'வாடகை அதிகம்' என்ற சின்னம் வீட்டுக்கு வீடு முளைத்து, விளையாடுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2024 ஜூனில் வந்த பெரிய திருத்தத்தில் இதைச் சரிசெய்த விதம் இருக்கிறதே, நான் வாய்விட்டுச் சிரித்தேன். கேமுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வீட்டு உரிமையாளர்களையே நீக்கிவிட்டார்கள். கட்டடப் பராமரிப்புச் செலவைக் குடியிருப்பவர்கள் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பது என்று மாற்றினார்கள். எந்த நகராட்சி மன்றத்திலும் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் உயிரோடு வெளியே வரமாட்டான்.

ஆனால் சிரிப்போடு இதை விட்டுவிடக் கூடாது. கேமுக்குள் எழுதியிருக்கிற ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவருடைய அரசியல். இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் என்ற பேராசிரியர், பக்கத்து அறைக்கு வந்து சேர்ந்த பாஸ்டன் நகர முன்னாள் மேயர் ஜான் காலின்ஸோடு பேசிப் பேசி, ஒரு நகரம் வளர்ந்து தேய்வதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார், 1969இல் வெளியிட்டார். ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டினால் நகரம் இன்னும் நொடித்துப்போகும் என்று அவருடைய கணினி சொன்னது. பெரிய சண்டை. புறநகர் என்ற ஒன்றே அந்தக் கணினி மாதிரியில் இல்லையே என்று விமர்சகர்கள் கேட்டார்கள், வேலையும் பணமும் அங்கே ஓடிப்போனதால்தானே நகரம் நொடித்தது என்று. அந்த ஃபாரஸ்டரைப் படித்துவிட்டுத்தான் வில் ரைட் 1989இன் முதல் சிம்சிட்டியைச் செய்தார், அந்தப் பரம்பரையில் வந்ததுதான் ஸ்கைலைன்ஸும். ஆக நாம் 'கேம்லகூட அப்படித்தான் வருது' என்று வாதத்தில் சொல்லும்போது கொஞ்சம் நாக்கைக் கடித்துக்கொள்வது நல்லது. நானே சொல்லியிருக்கிறேன்.

கொள்கைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, வட்டாரத்தைத் தூரிகையால் வரைந்து, உயரக் கட்டடத் தடை, கனரக வண்டித் தடை, இலவசப் பொதுப் போக்குவரத்து என்று டிக் அடித்தால் அந்தக் கணத்திலிருந்து அமல். இலவசப் பஸ் கொடுத்தால் டிக்கெட் வருமானம் போய் பட்ஜெட் இடிக்கும், அந்த அளவுக்கு நேர்மை உண்டு. எஸ்தோனியாவின் தாலின் நகரம் 2013இல் தன் ஊர்க்காரர்களுக்கு இலவசமாக்கியதும், லக்சம்பர்க் 2020இல் நாடு முழுக்க இலவசமாக்கியதும் எத்தனை வருஷப் பேச்சுக்குப் பிறகு என்பதெல்லாம் அந்த டிக்கில் அடங்காது. அதேபோல பெரிய கட்டடம் ஒன்றை நட்டால் சுற்றுலாப் பயணிகள் வந்து குவிவார்கள். ஸ்பெயினின் பில்பாவோவில் 1997இல் கக்கன்ஹைம் அருங்காட்சியகம் வந்ததும் ஊர் எழுந்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். அங்கே மெட்ரோ 1995இலேயே ஓட ஆரம்பித்துவிட்டது, நாறிக்கிடந்த நதியைச் சுத்தம் செய்கிற வேலை அதற்கும் பல வருஷங்கள் முன்பே தொடங்கியது, இதையெல்லாம் யாரும் படம் எடுப்பதில்லை.

இந்த கேமிடம் நான் அதிகம் கேட்கிறேனோ என்றும் தோன்றுகிறது. மைன்கிராஃப்ட் பாருங்கள், அதில் போக்குவரத்தும் இல்லை, நில மதிப்பும் இல்லை, வெறும் கட்டிகள். ஆனால் ஐநாவின் குடியிருப்பு அமைப்பும் மைன்கிராஃப்டைச் செய்த மோஜாங் நிறுவனமும் 2012இலிருந்து அதை வைத்துக்கொண்டு, ஒரு இடத்தில் குடியிருக்கிறவர்களையே சேர்த்து உட்காரவைத்து, உங்கள் மைதானம் எப்படி இருக்க வேண்டும் என்று கட்டச் சொல்கிறார்கள். ஸ்கைலைன்ஸில் விட்டுப்போன கூட்டம் அங்கே நடக்கிறது, திரைக்கு வெளியே.

வாங்குகிறவர்களுக்குச் சில வரிகள். கம்ப்யூட்டர் சுமாராக இருந்தால் முதல் பாகமே போதும், மோட்கள் மலைபோலக் கிடக்கின்றன, டிராஃபிக் மேனேஜர் மோட் இல்லாமல் நான் திறப்பதே இல்லை. கூடுதல் தொகுப்புகளை எல்லாம் மொத்தமாக வாங்காதீர்கள், பொதுப் போக்குவரத்துக்கானது ஒன்று போதும் ஆரம்பத்துக்கு. இரண்டாம் பாகத்துக்குத் திடமான மெஷின் வேண்டும், வெளியாகும் முன்பே எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை என்று நிறுவனமே அறிவித்த கேம் அது, பிறகு நிறையத் திருத்தங்கள் வந்திருக்கின்றன. சாலை போடுகிற சுகம் அதில்தான்.

நான் இப்போது விளையாடுகிற விதம் வேறு. அந்த நாற்பது நிமிஷ ஆற்றங்கரையை அழித்துவிட்டு, பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பினேன், ஆலைகளும் பறக்கும் சாலையும் நிற்கிற நாளுக்கு. எனக்கு நானே இரண்டு விதி போட்டுக்கொண்டேன். எந்த வீட்டை இடிக்கும் முன்பும் அதைத் தட்டி உள்ளே இருப்பவர்கள் பெயரைப் படிக்க வேண்டும். அத்தனை வீட்டுக்கும் மாற்று வீட்டை, அதே பள்ளிக்கூடத்துக்கும் அதே பஸ் தடத்துக்கும் பக்கத்திலேயே, முதலில் கட்டி முடித்திருக்க வேண்டும். இந்த இரண்டே விதியில் கேம் கடினமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் காலி இடமே இல்லை, கடைத்தெருவின் பின்பக்கம் ஒரு துண்டு நிலம் கிடைத்தது, அதற்குச் சாலை இல்லை, சாலை போட ஆறு கடைகளை இடிக்க வேண்டும், கடைக்காரர்களுக்கு என்ன விதி என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. மூன்று வாரமாக ராத்திரி ராத்திரி உட்கார்கிறேன், சாலையில் இதுவரை இடித்திருப்பது ஒரே ஒரு இறங்குவழி. நண்பர் போனில் கேட்டார், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று. பரிசீலனையில் இருக்கிறது சார் என்றேன்.